நல்ல தண்ணி இறைத்த கார்

சங்குமேட்டில் சொர்ணக்கிளியின் காரிலிருந்து நல்ல தண்ணீர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை என்பதால், செவ்வாயும் அதுவுமாகப் புதுசாக வந்த ஒன்றை வாயில் வைக்கலாமா கூடாதா என்பதுதான் ஊரில் முதலில் எழுந்த பேச்சே தவிர, காரிலிருந்து எப்படித் தண்ணீர் வரும் என்று ஒரு சனமும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கடலைப் பாத்தி கட்டித் தேக்கி, வெயிலில் காயவைத்து, அதற்குள்ளிருந்து வெள்ளை வெளேரென்று உப்பை வாரி எடுத்து லாரி லாரியாக அனுப்புகிற ஊர் அது. ஒன்றுக்குள்ளிருந்து இன்னொன்று வருவது அவர்களுக்குத் தினப்படி வேலை. ஆனால் நல்ல தண்ணீர் என்பது வேறு சங்கதி. கிணறு வெட்டினால் உப்பு, ஆழ்குழாய் இறக்கினால் அதைவிடக் கடுப்பான உப்பு, மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் காற்றிலிருந்து இறங்கி அதிலும் உப்பு என்று ஆகிப்போன அந்த ஊரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்ததும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு "பொறகு சொல்லி அனுப்புதோம்" என்று எழுந்துவிடுவார்கள். தண்ணி லாரி ஒன்று உண்டு. அது வருகிற நாளில் வரும், வராத நாளில் வராது, வந்த நாளில் குடத்தோடு குடம் இடித்து மண்டையும் உடையும்.

சொர்ணக்கிளி யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை நொண்டும். அவள் சங்குமேட்டுக்கு வாழ வந்தவள். தாலிக்கயிற்றில் மஞ்சள் வெளுக்கும் முன்பே புருஷன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டான். அடுத்த வீட்டில் இருந்த நாத்தனார் உச்சிமாகாளி, "எங்க அண்ணனை முழுங்கிட்டா" என்று தெருவில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் பேச்சை நிறுத்தினவள்தான், பிறகு ஆடு தாண்டி வந்து கீரையைத் தின்றால்கூட ஆட்டைத்தான் திட்டுவாளே தவிர இவளிடம் வாய் திறக்கமாட்டாள். ஊரும் லேசுப்பட்டதில்லை. எங்காவது புறப்பட்டவர்களுக்கு எதிரே சொர்ணக்கிளி வந்துவிட்டால், சத்தமில்லாமல் வீட்டுக்குத் திரும்பிப் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு மறுபடி புறப்படுவார்கள். சொர்ணக்கிளி அதற்கெல்லாம் சுருங்குகிற ஆள் இல்லை. "போங்க, போங்க, அந்த உப்புத் தண்ணியை நான் எதிர வந்தாத்தான் குடிக்கீங்க, எனக்குப் புண்ணியமாப் போட்டும்" என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டு போவாள். சிரிப்பு வாயில் இருக்கும். ஆனால் அவர்கள் திரும்பிப் போவது அவளைச் சுடத்தான் செய்தது.

உப்பளத்தில் முதலில் அவளுக்குக் கூடை அளக்கிற வேலை. அப்புறம் உவர்த் தண்ணீரைப் பாத்திக்கு ஏற்றுகிற ஆயில் இன்ஜின் ஒருநாள் மக்கர் பண்ண, இன்ஜின்காரன் குடித்துவிட்டுக் கிடக்க, இவளே திறந்து பார்த்து ஓட்டிவிட்டாள்; அன்றிலிருந்து இன்ஜின் இவள் கைக்கு வந்தது. இன்ஜின் இருமுகிற இருமலை வைத்தே அதற்கு எங்கே நோவு என்று சொல்லிவிடுவாள். அப்படி இருக்கையில்தான் பழைய உப்பு முதலாளி வீட்டுச் சாமான் கிட்டங்கியில் வெள்ளைக்காரன் போன கையோடு வந்த கார் ஒன்று, முன்னால் இரண்டு உருண்டை விளக்கும் பின்னால் ஆமை முதுகுமாக, தரை முழுக்க உப்பு அரித்துக் கிடப்பதைப் பார்த்தாள். எடைக்குப் போடப்போகிறோம் என்றார்கள். எனக்குப் போடுங்கள் என்று வாங்கி, நாலு பேரை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தி, அதற்குச் சீமாட்டி என்று பேரும் வைத்துவிட்டாள். "உப்பள்ளுதவளுக்குக் காராம்லா" என்று ஊரே வாய்விட்டுச் சிரித்தது. அவள் எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டி நிமிர்த்திக் காருக்குத் தரை போட்டாள்.

காருக்குச் சாமான் கொண்டுவந்து கொடுத்தவன் கொம்பையா. உப்பு ஏற்ற வந்துகொண்டிருந்த லாரி டிரைவர்; பெண்டாட்டி இறந்தபின் லாரியை விட்டுவிட்டுக் கழுகுமலைப் பாதையில் டயர்க் கடை போட்டிருந்தான். ஒரு தடவை கதவுக்கு ரப்பர், ஒரு தடவை ஆரனுக்கு உருண்டை என்று கொண்டுவந்தவன், ஒரு தடவை கையில் ஒன்றும் இல்லாமல் வந்து நின்றான்.

"சாமான் ஒண்ணும் இல்லியா?" என்றாள் சொர்ணக்கிளி.

"இல்ல. பேசாம எங்கூட வந்திரேன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே யோசித்தாள். "வாரேன். ஆனா நம்ம கல்யாணத்துக்கு நானே வண்டி ஓட்டிட்டுத்தான் வருவேன், கேட்டியளா? மொத தடவை உப்பு லாரியில மூட்டைக்கு மேல உக்கார வச்சுக் கொண்டாந்தாங்க. எங்க போறோம்னுகூட முன்னால பாக்க முடியல. இந்தத் தடவை நான் ரோட்டைப் பாத்துட்டே வரணும்."

"சரி. ஊர் எல்லையில நின்னு ஏறிக்கிடுதேன். பக்கத்து சீட்டு எனக்கு" என்றான் கொம்பையா. ஆவணியில் கழுகுமலைக் கோயிலில் தாலி கட்டுவது என்று பேசி முடித்தார்கள்.

காரில் எல்லாம் சரியாகிவிட்டது, பெட்ரோல் பம்பு ஒன்றைத் தவிர. கரண்டில் ஓடுகிற பம்பு அது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் டிக்கென்று வேகமாக அடித்து, பின்னால் டேங்க்கில் கிடக்கிற பெட்ரோலை முன்னால் இழுத்து, கார்புரேட்டர் நிறைந்ததும் மெதுவாகி, தானாக வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுவோ ஸ்பேனரால் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினால் நாலு அடி அடிக்கும், பிறகு ஊமையாகிவிடும். சொர்ணக்கிளி வாசலில் சாக்கை விரித்து, பம்பைக் கழற்றிவைத்து உட்கார்ந்தாள். மேலே கறுப்புத் தொப்பி மாதிரி இருந்த மூடியை எடுத்தாள். உள்ளே தீப்பொறி பட்டுப் பட்டுக் கருகிக் கிடந்த இரண்டு பாயின்ட்டையும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினாள். அடியில் வடிகட்டியில் அடைத்திருந்த துருவைப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் உரசி எடுத்தாள். வருஷக்கணக்கில் காய்ந்து அப்பளமாகிவிட்டிருந்த ரப்பர் சவ்வைத் தூக்கி எறிந்துவிட்டு, கொம்பையா மதுரைப் பழைய சாமான் கடைகளில் அலசிக் கொண்டுவந்த புதுச் சவ்வைப் போட்டாள். பம்புக்கு உயிர் அந்தச் சவ்வுதான். அது போய்ப் போய் வந்தால்தான் பெட்ரோல் ஏறும். அதை எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது: முதலில், விரலால் தள்ளினால்கூட உள்ளே பாயின்ட்டைத் தட்டிவிடுகிற துள்ளுகட்டை புரளாத அளவுக்கு இறுக்க வேண்டும், அப்புறம் பையப் பைய இளக்கி, அது டப்பென்று புரளத் தொடங்குகிற இடத்தைப் பிடித்து, அங்கிருந்து விளிம்பில் இருக்கிற ஸ்க்ரூ ஓட்டைகளை எண்ணி நாலு ஓட்டை பின்னால் திருப்பிப் பூட்ட வேண்டும். அவள் வாய்விட்டு எண்ணினாள், பூட்டினாள், காரில் மாட்டி ஒயரைக் கொடுத்தாள். பெட்ரோல் சரியாக வருகிறதா என்று பார்க்க, கார்புரேட்டருக்குப் போகிற டியூபை உருவி ஒரு பாட்டிலுக்குள் விட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினாள்.

டிக் டிக் டிக் டிக். பாட்டில் நிறைந்தது. வாடையே இல்லை. விரலை விட்டு நக்கிப் பார்த்தாள், மறுபடி நக்கினாள், பிறகு அண்ணாந்து மடக் மடக்கென்று முழுப் பாட்டிலையும் குடித்துவிட்டு ஏப்பம் விட்டாள். பெட்ரோல் டேங்க்கில் குச்சியை விட்டுப் பார்த்தால் ஊற்றிய பெட்ரோல் ஊற்றியபடியே இருந்தது.

"சவத்தெழவு, எங்க போயி இழுக்கு இது?" என்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் உச்சிமாகாளி நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் செத்த பிறகு முதல்முதலாக வாயைத் திறந்தாள். "என்ன மைனி, நல்ல தண்ணியா அது?"

"நல்ல தண்ணிதான். குடத்தைக் கொண்டா."

செவ்வாய்க்கிழமை பிரச்சினையை உச்சிமாகாளிதான் தீர்த்துவைத்தாள். "செவ்வாக்கிழமை உங்களுக்குத் தாகம் எடுக்காதா? எடுக்காதவுக தள்ளி நில்லுங்க" என்றாள். யாரும் தள்ளி நிற்கவில்லை.

அப்புறம் எந்த ஆற்றுத் தண்ணீர் என்று ஒரு தர்க்கம் வந்தது. தாமிரபரணிதான், நாக்குக்குத் தெரியாதா என்று ஒரு கட்சி. குற்றாலத்து அருவி, இல்லாவிட்டால் இந்தக் குளிர்ச்சி எங்கிருந்து வரும் என்று ஒரு கட்சி. தெற்கே கட்டிக்கொடுத்த தன் அக்கா வீட்டுக் கிணற்று வாசம் அப்படியே அடிக்கிறது என்று ஒருத்தி அழவே செய்தாள். கோயில் பூசாரி காரின் நெற்றியில் சந்தனம் அப்ப வந்தார், மாதா கோயில் உபதேசியார் தீர்த்தம் தெளிக்க வந்தார். "பெயின்ட் போயிரும், ரெண்டு பேரும் வரிசையில நில்லுங்க" என்றாள் சொர்ணக்கிளி, இரண்டு பேரும் குடத்தோடு ஒருவர் பின்னால் ஒருவர் நின்றார்கள். வெயில் ஏறினால் சீமாட்டிக்குச் சூடு பிடித்துவிடும் என்று ஆண்கள் பனையோலை வெட்டிவந்து பந்தல் போட்டார்கள். பம்பு ஓட ஓட பேட்டரி இறங்கிப்போகும் அல்லவா, அதை உச்சிமாகாளியின் புருஷன் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து மாட்டினான். பம்பு பெரிய பம்பு ஒன்றும் இல்லை, சிறுகச் சிறுகத்தான் ஊற்றும். ஒரு குடம் நிறைவதற்குள் ஒரு வெற்றிலை மென்று முடியும், ஒரு சண்டை பிடித்துச் சமாதானமும் ஆகிவிடும், வரிசையில் முன்னால் நின்றவள் மகனுக்கும் பின்னால் நின்றவள் மகளுக்கும் கல்யாணப் பேச்சே முடிந்துவிடும். டிக் டிக் என்கிற அந்தச் சத்தம் ஊருக்குள் ஊறி, தாய்மார்கள் அந்தத் தாளத்துக்குத் தொட்டிலை ஆட்டினார்கள், பாத்தியில் உப்பு வாருகிறவர்கள் அந்தத் தாளத்துக்கு வாரினார்கள், திடீரென்று அது நின்றால் வாரியவனும் ஆட்டியவளும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிச் சொர்ணக்கிளி வீட்டுப் பக்கம் பார்த்தார்கள். பருப்பு வெந்தது. வெந்து மலர்ந்த பருப்பைப் பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தில் கொண்டுபோய்க் காட்டினார்கள். சோப்பு நுரைத்தது; பிள்ளைகள் நுரையை ஊதித் தெரு முழுக்கப் பறக்கவிட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டாவது சொம்பு கேட்டு வாங்கிக் குடித்து அங்கேயே பூ வைத்துவிட்டுப் போனார்கள். தண்ணி லாரிக்காரன் வந்து பார்த்தான், எதிரே ஒரு குடத்தைக்கூடக் காணோம். அவனே இறங்கி ஒரு சொம்பு வாங்கிக் குடித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான், போனவன் போனவன்தான். பஞ்சாயத்துத் தலைவர் பரமார்த்தலிங்கம் குழாய் கேட்டு எழுதிக்கொண்டிருந்த மனுக்களை எல்லாம் நிறுத்தினார். "குழாய் நமக்கு எதுக்கு? அதான் காரு இருக்கே" என்றார், பெருமையாக.

சொர்ணக்கிளிக்கு எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தால் திரும்பிப் போன சனம், இப்போது விடிந்ததும் விடியாததுமாகக் குடத்தோடு வந்து அவள் முகத்தில்தான் முழித்தது. "அக்கா, எந்திரிச்சாச்சா?", "மைனி, இட்லி கொண்டாந்திருக்கேன்", "சித்தி, நீ உக்காரு, நான் வாசத் தெளிக்கேன்." உச்சிமாகாளி தலைக்கு எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்துவிட்டாள். அதெல்லாம் அவளுக்கு இனித்தது. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், தண்ணீரைவிட அதுதான் அதிகமாக இனித்தது. ஆவணி வந்தது. புரட்டாசி கழியட்டுமே என்றாள் கொம்பையாவிடம். புரட்டாசியும் பாதி போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் பாயின்ட் மறுபடி கருகி, பம்பு திக்கத் தொடங்கியது. வரிசையை நிறுத்திவைத்துவிட்டுப் பம்பைத் திறந்தாள், பாயின்ட்டைத் தேய்த்தாள், சவ்வையும் ஒரு தடவை சரிபார்த்துவிடலாம் என்று இறுக்கி, இளக்கி, புரளுகிற இடத்தைப் பிடித்து, விரலை ஓட்டை ஓட்டையாக நகர்த்திக்கொண்டே எண்ணினாள். "லாபம், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." எண்ணி முடித்த விரல் அப்படியே நின்றுவிட்டது.

உப்பளத்தில் கூடை அளக்கிறபோது முதல் கூடைக்கு எண் கிடையாது. அதை லாபம் என்று சொல்லித்தான் சாக்கில் கொட்டுவார்கள். கணக்கு இரண்டாவது கூடையிலிருந்துதான் தொடங்கும்; அதுதான் ஒண்ணு. எத்தனையோ வருஷம் அப்படி அளந்த வாய், கேட்காமலே முதல் ஓட்டைக்கும் லாபம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஓட்டையிலிருந்து எண்ணியிருக்கிறது. சவ்வு நாலு ஓட்டைக்குப் பதிலாக ஐந்து ஓட்டை பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு ஓட்டை கூடினதில் பம்பு டேங்க்கைத் தாண்டி, ஊரைத் தாண்டி, எங்கேயோ ஓடுகிற ஒரு ஆற்றில் போய் வாயை வைத்துக்கொண்டுவிட்டது. சொர்ணக்கிளி பம்பை இருந்தபடியே ஐந்து ஓட்டையில் பூட்டினாள். தண்ணீர் வந்தது. அடுத்த குடம் வந்தது.

கொம்பையாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவன் கெக்கலித்துச் சிரித்தான்.

"அப்போ ஒரு ஓட்டை முன்னால தள்ளி வச்சா வண்டி ஓடிரும்?"

"ஓடிரும். ஆனா தண்ணி நின்னுரும். ரப்பரு பாருங்க, இப்ப அஞ்சுல படிஞ்சு கெடக்கு; நாலுல பூட்டி வண்டி ஓட்டி அங்க படிஞ்சிட்டா திரும்ப அஞ்சுல உக்காராது. மறுபடி வச்சா வருமோ வராதோ."

"சரி."

மறுநாள் பஸ் பிடித்து வந்துவிட்டான். கையில் குடம் இல்லாமல் வரிசையில் கடைசியில் நின்று, அவன் முறை வரும்வரை நின்று, அவள் முன்னால் வந்ததும் மெதுவாகச் சொன்னான்: "நான் காத்துக்கிட்டு இருப்பேன், அதுல ஒண்ணுமில்ல. ஐப்பசி வரட்டும், தை வரட்டும். ஆனா நீ இவங்களுக்காக நிக்கியா, இல்ல இவங்க கூப்புடுற மைனிக்காக நிக்கியா? அதை மட்டும் உனக்குள்ள கேட்டுக்கோ."

அவளுக்குச் சுருக்கென்றது. அவன் போன பிறகும் அது போகவில்லை. அன்றைக்கு வரிசை முடிந்ததும் தலைவர் வீட்டுக்கு நடந்தாள். ஐப்பசி முதல் முகூர்த்தத்தில் கிளம்பப்போகிறேன், பம்பைச் சரிபண்ணிக் காரை எடுத்துக்கொண்டு போகப்போகிறேன், குழாய்க்கு மறுபடி மனு எழுதுங்கள் என்று உடைத்துச் சொல்லிவிட்டாள்.

ஊர் பந்தலடியில் கூடியது. பம்பை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளலாமே என்று யாரோ சொல்ல, கழற்றி ஒரு முக்காலியில் வைத்து பேட்டரியை மாட்டினார்கள். அது டிக் டிக்கென்று வெறும் காற்றைத் துப்பியது. மறுபடி காரில் மாட்டினால் தண்ணீர். ஆக, கார்தான் வேண்டும். பரமார்த்தலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"தாயி, நீ போறதை யாரு வேண்டாம்னா? நல்ல காரியம். ஊரே சேந்து பட்டுச்சேலை எடுத்துத் தாறோம். பஸ்ஸுல முன் சீட்டு போட்டு அனுப்புதோம். நீ போ. காரை மட்டும் வச்சுட்டுப் போ."

 சொர்ணக்கிளி சுற்றிப் பார்த்தாள். இட்லி கொண்டுவந்தவள் இருந்தாள், வாசல் தெளித்தவள் இருந்தாள், சிக்கெடுத்த உச்சிமாகாளி தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள்.  போகாதே என்று சொல்லியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. இவள் போகலாமாம், கார்தான் போகக்கூடாதாம்.

"அக்கா அக்கானு கூப்பிட்டது இந்தத் தகரத்தையா?" என்று கேட்டாள். "நான் சொந்தக் கையால தட்டி எடுத்த வண்டி. நான்தான் ஓட்டிட்டுப் போவேன். எனக்குப் பட்டும் வேண்டாம், முன் சீட்டும் வேண்டாம்."

அவள் சொன்னதோடு நிற்கிறவள் இல்லை. மறுநாளே டவுனுக்குப் போய், தண்ணி லாரிக்காரனைத் தேடிப் பிடித்து, முகூர்த்தம் கழிந்த மறுநாளிலிருந்து சங்குமேட்டுக்கு வண்டி வர வேண்டும் என்று நின்று, அவன் சரி என்று தலையாட்டும்வரை அவன் லாரி முன்னாலிருந்து நகரவில்லை. தன்னால் ஆனது அவ்வளவுதான். வரிசைக்கு மட்டும் கடைசி நாள் சாயங்காலம்வரை முகம் சுளிக்காமல் தண்ணீர் ஊற்றினாள். வந்தவர்கள் குடம் நிறைந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது.

முகூர்த்த நாள் காலையில் தலை குளித்து, தானே வாங்கின அரக்குச் சேலையைக் கட்டி, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பம்பைத் திறந்தாள். இறுக்கினாள், இளக்கினாள், புரளுகிற இடத்தைப் பிடித்தாள். வாய் லாபம் என்று தொடங்கப் பார்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் ஒன்று என்று தொடங்கி நாலில் நிறுத்தினாள். பூட்டினாள். டியூபைப் பாட்டிலில் விட்டுச் சாவியைத் திருப்பினாள். டிக் டிக் டிக். பொன்நிறத்தில் பெட்ரோல் வந்து மூக்கில் ஏறியது. டியூபை கார்புரேட்டரில் மாட்டினாள். பம்பு வேகமாக அடித்து, மெதுவாகி, டிக், டிக் என்று இழுத்து, வாயை மூடிக்கொண்டது. அவ்வளவு அழகாக ஒரு பம்பு வாயை மூடி அவள் பார்த்ததில்லை. ஸ்டார்ட்டரை இழுத்தாள். சீமாட்டி ஒரு குலுக்குக் குலுக்கி, ஒரு தடவை தும்மி, பிடித்துக்கொண்டு உறுமினாள். சொர்ணக்கிளி தனியாக உட்கார்ந்து ஓவென்று ஒரு கூச்சல் போட்டாள், சந்தோஷத்தில்.

பந்தலைவிட்டு இறங்கி, தெருவைத் தாண்டி, இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள் கிடக்கிற வரப்புப் பாதைக்கு வந்தால், ஊர் அங்கே நின்றது. பாதையின் இரு ஓரமும், நடுவிலும், பெண்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் குடம். எல்லாம் வெறுங்குடம். வெறுங்குடம் எதிரே வந்தால் கல்யாணத்துக்குப் போகிறவள் போகமாட்டாள். எந்த ஊரிலும் எந்தப் பெண்ணும் போனதில்லை. வாயால் ஒரு சொல் சொல்லாமல் தடுத்துவிடலாம் என்று யார் யோசனை சொன்னதோ. முன்னால் நின்றவள் உச்சிமாகாளி.

சொர்ணக்கிளி வண்டியை நிறுத்தினாள். இன்ஜினை நிறுத்தவில்லை. கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்து எழுந்து நின்றாள்.

"நல்லாக் கேளுங்க. நான் எதிர வந்தா இத்தனை வருஷம் திரும்பித் திரும்பிப் போனீங்க. நான் ஒரு நாளும் உங்களுக்குக் கெடுதல் நினைச்சதில்ல. உங்க குடம் வெறும் குடமா இருந்தப்ப நெறைச்சுக் குடுத்தேன். இன்னைக்கு அதே குடத்தை எனக்கு முன்னால கொண்டாந்து வெறுங்குடமாப் புடிக்கீங்க." கதவின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "புடிங்க. நான் திரும்பிப் போகமாட்டேன், ஒரு வாய் தண்ணியும் குடிக்கமாட்டேன். இந்த வெறுங்குடத்துக்கு ஊடயேதான் போவேன். எனக்கு நல்லது நடக்கும், நீங்க வேணா பாருங்க."

உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். கியரைப் போட்டாள். 

உச்சிமாகாளி சட்டென்று பாதையைவிட்டு விலகினாள். வரப்பில் சறுக்கி இறங்கி, பாத்திக்குப் போகிற உவர்த் தண்ணீர் வாய்க்காலில் முழங்கால்வரை நின்று, குடத்தைக் கவிழ்த்து அமுக்கினாள். குடுகுடுவென்று குடம் நிறைந்தது. அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சேலை எல்லாம் நனைய மேலே ஏறிவந்து, காருக்கு எதிரே நிறைகுடத்தோடு நின்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைக்கக் கை இல்லை.

"போ மைனி," என்றாள். "மறுவீட்டுக்கு எங்க வீட்டுக்குத்தான் வரணும். காருலயோ, பஸ்ஸுலயோ, நடந்தோ. உனக்கு இங்க பொறந்த வீடு நான்தான்."

அவள் சொல்லி முடிக்கும் முன்பே அடுத்தவள் வாய்க்காலில் இறங்கிவிட்டாள். அதற்கடுத்தவள் இறங்கினாள். வாசல் தெளித்தவள் இறங்கினாள், இட்லிக்காரி இறங்கினாள், தலைவரின் பெண்டாட்டி "இவருக்கு என்னத்தைத் தெரியும்" என்று புருஷனைத் திட்டிக்கொண்டே இறங்கினாள். காலம் முழுக்க எந்தத் தண்ணீரைக் கண்டு முகத்தைச் சுளித்தார்களோ அதே தண்ணீரை வாய் தளும்பத் தளும்ப மொண்டுகொண்டு வந்து, பாதையின் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். நடுவில் காருக்கு வழி இருந்தது.

சொர்ணக்கிளி சீமாட்டியை நடை வேகத்தில் ஓட்டினாள். இரண்டு பக்க ஜன்னலிலும் குடம் குடமாக நகர்ந்தது. யாரோ ஒருத்தி குலவையிட்டாள், எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அழுதுகொண்டே ரோட்டைப் பார்ப்பது கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே போனாள். வரப்பு முடிந்து தார் ரோடு ஏறும்போது ஆரனை நீளமாக ஒரு அமுக்கு அமுக்கினாள். எல்லைக் கல்லில் கொம்பையா வெள்ளை வேட்டியோடு கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

குலவை ஓய்ந்ததும் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இடுப்பில் இருந்த தண்ணீரைத் திரும்ப வாய்க்காலில் கொட்ட ஒருத்திக்கும் மனசு வரவில்லை. அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பை மூட்டினார்கள். அன்றைக்குச் சங்குமேட்டில் எந்த வீட்டிலும் குழம்புக்கு உப்புப் போடவில்லை.